பரோலில் வந்தவரும் பாலிகிராஃப் கருவியும்: சொன்னது எந்தக் கோப்புக்குப் போகிறது?

கலிபோர்னியாவில் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, பரோலிலோ புரொபேஷனிலோ (நிபந்தனைகளோடு கூடிய கண்காணிப்பில்) வெளியே வாழும் ஒருவர், அவ்வப்போது பாலிகிராஃப் என்ற 'உண்மை கண்டறியும் சோதனை'க்காக ஒரு சின்ன அறைக்குப் போய் உட்கார வேண்டும். நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், வயிற்றைச் சுற்றி இன்னொன்று. இரண்டு விரல்களில் வியர்வையை அளக்கும் தகடுகள். மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டை. டாக்டர் அறையில் அந்தப் பட்டை அரை நிமிடம் இறுக்கிவிட்டுத் தளரும். இங்கே ஒரு சுற்றுக் கேள்விகள் முடியும் வரை காற்று இறங்காது. கை மரத்துப் போகும். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே இருபது, இருபத்தைந்து நொடி மௌனம். அசையக் கூடாது. பதில் ஒரே சொல்லில் இருக்க வேண்டும், ஆம் அல்லது இல்லை.

கேள்விகள் திடீரென்று வந்து விழுவதில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுவார்கள். "சென்ற சோதனைக்குப் பிறகு, உங்கள் அதிகாரிக்குத் தெரியாமல் 18 வயதுக்குக் குறைந்த யாருடனாவது தனியாக இருந்தீர்களா?" இது உண்மையில் கேட்க வந்த கேள்வி. இதன் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும்: "உங்களை நம்பிய ஒருவரிடம் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறீர்களா?" இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கேள்வி. யாராக இருந்தாலும் இதற்கு 'இல்லை' என்று சொல்லும்போது உள்ளே கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைவிட முதல் கேள்விக்கு உடல் அதிகமாகத் தடுமாறினால் ஏமாற்று என்று முடிவு. குறைவாக இருந்தால் தேறிவிட்டார். ஒரே கேள்விகளைக் குறைந்தது மூன்று சுற்றாவது கேட்பார்கள்.

சோதனை முடிந்ததும் பரிசோதகர் அறிக்கை எழுதுவார். அது கண்காணிப்பு அதிகாரிக்கும், மனநல சிகிச்சை தருபவருக்கும் போகும். பல மாநிலங்களில் இந்தச் சோதனைக்கான சில நூறு டாலர் கட்டணத்தையும் அந்த நபரே கட்ட வேண்டும்.

நம் ஊரில் 'பரோல்' என்றால் சிறைவாசிக்குக் கிடைக்கும் விடுப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்று சில நாள் வெளியே வந்து, தேதி முடிந்ததும் திரும்பிப் போவது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதைத்தான் சாதாரண விடுப்பு, அவசரகால விடுப்பு என்று பிரிக்கின்றன. அமெரிக்காவில் பரோல் என்பது வேறு. தண்டனைக் காலத்தின் மீதியைச் சிறைக்கு வெளியே, நிபந்தனைகளோடு கழிப்பது அது. புரொபேஷன் என்பது சிறைக்கே அனுப்பாமல், அல்லது சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து, கண்காணிப்பில் வைப்பது. 2022 இறுதிக் கணக்குப்படி இந்த இரண்டு வகையிலும் சேர்த்து அங்கே சுமார் 37 லட்சம் பேர் இருந்தார்கள். இவர்களில் பாலிகிராஃப் நிபந்தனை உள்ளவர்கள் ஒரு பகுதியினர், பெரும்பாலும் பாலியல் குற்றம் செய்தவர்கள். நிபந்தனையை மீறினால், புதிய குற்ற வழக்கு எதுவும் நடத்தாமல், சுருக்கமான ஒரு விசாரணையோடு சிறைக்குத் திருப்பி அனுப்பலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நிலை புரியும்.

கருவியின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் 'உண்மை கண்டறியும் சோதனை' என்று எழுதுகின்றன. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023இல் சென்னையில் பலருக்கு இந்தச் சோதனை நடந்தபோது, எல்லாச் செய்திகளிலும் இந்தச் சொல்தான். பாலிகிராஃப் என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'பல வரைவு' என்பது மட்டுமே. மூச்சு, வியர்வை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் கோடுகளாக வரைகிறது, அவ்வளவுதான். உண்மையையோ பொய்யையோ அது பார்ப்பதில்லை. 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்ற நம் பழமொழிதான் அதன் மொத்தக் கோட்பாடும். குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் என்பதுதான் அதன் சிக்கலும். 'இல்லை' என்று உண்மையைச் சொன்ன பிறகும், இந்த இயந்திரம் நம்பவில்லையென்றால் நாளை சிறைக்குத் திரும்ப வேண்டியிருக்குமோ என்று பயப்படுபவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீதிமன்றங்கள் இதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டன. 1923இல் வாஷிங்டனில், ஃப்ரை என்பவர் மீதான கொலை வழக்கில், ரத்த அழுத்தத்தை வைத்து நடத்திய சோதனை தன்னை நிரபராதி என்று காட்டுவதாக அவர் தரப்பே வாதிட்டது. இந்த முறையை அறிவியல் உலகம் பொதுவாக ஏற்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1998இல் ஷெஃபர் வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே பக்கம்தான் நின்றது. பாலிகிராஃப் நம்பகமானது என்பதில் ஒருமித்த கருத்தே இல்லை என்று சொல்லி, ராணுவ நீதிமன்றங்களில் அதைச் சான்றாக ஏற்பதற்கு இருந்த முழுத் தடையை உறுதி செய்தது. 1988இல் வந்த ஒரு சட்டம், பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போதும் வேலையில் இருக்கும்போதும் ஊழியர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்றது.

எண்களில் பார்க்க வேண்டுமானால், அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 ஊழியர்கள், அவர்களுக்குள் 10 உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் 8 பேரையாவது பிடிக்கும்படி கருவியின் அளவுகோலை வைத்தால், 1,598 நிரபராதிகளும் சேர்ந்து மாட்டுவார்கள். இரண்டு உளவாளிகள் அப்போதும் தப்பிவிடுவார்கள். நிரபராதிகளைக் காப்பாற்ற அளவுகோலை இறுக்கினால் எட்டு உளவாளிகள் தப்புவார்கள்.

பரோல் கூட்டத்தை உளவாளிகளோடு ஒப்பிடுவது சரியில்லை என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமான வாதம். கண்காணிப்பில் இருப்பவர்களில் விதியை மீறுபவர்கள் பத்தாயிரத்தில் பத்துப் பேர் இல்லை, கணிசமாகவே இருப்பார்கள். அதே பிழை அளவை வைத்துக்கொண்டு வேறு கூட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 பேரில் 30 பேர் ஏதோ ஒரு விதியை மீறியிருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 24 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் தப்புவார்கள். மீறாத 70 பேரில் 11 பேர் 'ஏமாற்றுகிறார்' என்ற முத்திரையோடு வெளியே வருவார்கள். ஆக, தோற்றதாகச் சொல்லப்படும் 35 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உண்மை பேசியவர். சட்டத்தை ஒழுங்காக மதித்து வாழ முயலும் ஒருவருக்கு அந்த முத்திரை என்ன செய்யும் என்பதை யாரும் அளந்து காட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

அப்படியானால் ஏன் இந்தக் கருவியை விடாமல் வைத்திருக்கிறார்கள்? மனிதர்கள் அதற்கு முன்னால் பேசிவிடுகிறார்கள் என்பதுதான் விடை. வரைபடத்தைவிட, பட்டையைக் கட்டுவதற்கு முன் நடக்கும் நீண்ட உரையாடலும் அவிழ்த்த பிறகு நடக்கும் உரையாடலும்தான் அதிகாரிகளுக்கு வேண்டியவை. எப்படியும் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புபவர், தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். இங்கிலாந்தில் 2009 முதல் 2011 வரை மிட்லண்ட்ஸ் பகுதியில் நடந்த முன்னோட்டத் திட்டத்தைக் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பாலிகிராஃப் உள்ளவர்களில் 76.5 சதவீதம் பேர் முக்கியமான ஒரு தகவலையாவது வெளியிட்டிருந்தார்கள். இல்லாதவர்களில் 51.2 சதவீதம். இது சாதாரண வித்தியாசமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே குடியேறியதையோ, குழந்தை உள்ள ஒரு பெண்ணோடு புதிதாக உறவு ஏற்பட்டிருப்பதையோ ஒருவர் சொல்லிவிட்டால், ஒரு குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே தடுக்க முடியும். இதை அற்பமாக எண்ண என்னால் முடியாது.

ஆனால் பேச வைப்பதும் குற்றத்தைக் குறைப்பதும் ஒன்றா? வெர்மான்ட் மாநிலத்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சையில் இருந்த 104 பேரை பாலிகிராஃபோடும், அவர்களை ஒத்த இன்னொரு 104 பேரைப் பாலிகிராஃப் இல்லாமலும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. மறுபடி பாலியல் குற்றம் செய்த அளவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாலியல் சாராத வன்முறைக் குற்றங்கள் மட்டும் சோதனைக் குழுவில் குறைவாக இருந்தன. எதற்காகக் கருவியைக் கொண்டுவந்தார்களோ, அங்கே அது கைகொடுத்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை.

ஆக நம் முன்னால் இருப்பது பொய்யைப் பிடிக்கும் இயந்திரமல்ல, வாயைத் திறக்க வைக்கும் இயந்திரம். இதை ஒப்புக்கொண்டால் கேள்வியே மாறிவிடுகிறது. கருவி சரியா தவறா என்று நூறு வருடமாக நடக்கும் வாதத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். திறந்த வாயிலிருந்து வந்த சொல் எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1990களில் பரவிய 'கட்டுப்படுத்தும் முறை' மூன்று பேரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தது: கண்காணிப்பு அதிகாரி, சிகிச்சையாளர், பாலிகிராஃப் பரிசோதகர். பாதிக்கப்பட்டோர் தரப்பில் பேசும் ஒருவரும் பல இடங்களில் சேர்ந்தார். மூவருக்கும் இடையே ரகசியம் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் உயிர்நாடி. சிகிச்சையாளரிடம் ஒன்று, அதிகாரியிடம் வேறொன்று என்று மாற்றிப் பேசித் தப்பிக்க விடக் கூடாது. கலிபோர்னியா சட்டம், சிகிச்சை தருபவர் குறைந்தது மாதம் ஒருமுறை அதிகாரியோடு தொடர்புகொண்டு, அந்த நபரின் முன்னேற்றத்தையும் ஆபத்து மதிப்பீட்டையும் பகிர வேண்டும் என்கிறது. பரிசோதகருக்குத் தேவையானதை அவரிடமும் சொல்ல வேண்டும்.

இப்படிச் சொல் நடந்துபோகும் பாதை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு, பாலிகிராஃபே இல்லாத ஒரு பழைய வழக்குதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மினசோட்டா மாநிலத்தில் 1974இல் ஒரு பதின்வயதுப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். மர்ஃபி என்பவரை மினியாபொலிஸ் போலீஸ் இரண்டு முறை விசாரித்தது, ஆனால் வழக்குப் பதியவில்லை. 1980இல் வேறொரு சம்பவத்தில் அவருக்கு மூன்றாண்டு புரொபேஷன் கிடைத்தது. நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு: பாலியல் குற்றவாளிகளுக்கான சிகிச்சையில் சேர வேண்டும், அதிகாரியிடம் 'எல்லா விஷயங்களிலும்' உண்மை பேச வேண்டும்.

சிகிச்சையில் அவர் உண்மை பேசினார். 1974ஆம் ஆண்டின் கொலையைத் தான்தான் செய்ததாக ஆலோசகரிடம் ஒப்புக்கொண்டார். 1981 செப்டம்பரில் ஆலோசகர் அதைக் கண்காணிப்பு அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தன் மேலதிகாரியைக் கலந்துகொண்டு, இது போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம் என்று முடிவெடுத்தார். பிறகு மர்ஃபிக்கு ஒரு கடிதம் எழுதினார். மீதிக் காலத்துக்கான சிகிச்சைத் திட்டம் பற்றிப் பேச வரும்படி அதில் இருந்தது. வந்தவரிடம் ஆலோசகர் சொன்னதைச் சொன்னார். ரகசியம் காப்பாற்றப்படவில்லை என்று மர்ஃபிக்குக் கோபம் வந்தது. வக்கீலைக் கூப்பிட வேண்டும்போல இருக்கிறது என்றார். அதை இந்த அலுவலகத்துக்கு வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பேச்சுத் தொடர்ந்தது. அவர் மறுபடியும் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு கொலைக் குற்றச்சாட்டில் முடிந்தது.

1984இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த ஒப்புதல் செல்லும் என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை, அதாவது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமை, தானாக வந்து நிற்காது, கேட்டால்தான் கிடைக்கும், மர்ஃபி கேட்கவில்லை என்பது தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். 'உரிமையைக் கேட்டால் புரொபேஷன் ரத்து' என்று அரசு நேரடியாகவோ மறைமுகமாகவோ மிரட்டினால், அப்போது வரும் பதில் வற்புறுத்தி வாங்கியது, அதைக் குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது.

கொல்லப்பட்ட அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு ஏழு வருடம் கழித்து ஒரு பதில் கிடைத்தது. அதை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசுவது மனசாட்சிக்கு ஒவ்வாது. ஆனாலும் 'சிகிச்சைத் திட்டம்' என்று எழுதி அழைத்த அந்தக் கடிதம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சிகிச்சை மையத்தில் உட்கார்ந்த எந்த மனிதர் வாய் திறந்திருப்பார்?

மர்ஃபி வழக்கு திறந்து வைத்த கதவு வழியாகத்தான் பாலிகிராஃப் வழக்குகள் பிறகு வந்தன. பரோல் நிபந்தனையில் வரும் சோதனைகளில் மிகச் சிக்கலானது 'பாலியல் வரலாறு' பற்றியது. பிடிபட்ட குற்றம் மட்டுமின்றி, பிடிபடாதவற்றையும் வாழ்நாள் முழுவதற்குமாக எழுதிக் கொடுத்து, அது முழுமையானதா என்று கருவி முன் உறுதி செய்ய வேண்டும். எழுதினால் புதிய வழக்கு வரலாம். எழுதாவிட்டால் சிகிச்சையில் தோல்வி, சிறை. மோன்டானாவைச் சேர்ந்த ஆன்டிலோப் என்பவர் எழுத மறுத்துச் சிறைக்குப் போனார். 2005இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அது அவருடைய உரிமையை மீறிய செயல் என்றது. கொலராடோவிலிருந்து வந்த வான் பெரன் வழக்கில் 2016இல் பத்தாவது வட்டார நீதிமன்றமும் அப்படியே சொன்னது. ஆனால் சிறைக்குள்ளே இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இவ்வளவு கிடைக்கவில்லை. கான்சாஸ் சிறையில் சிகிச்சைக்கு மறுத்தவர், பாதுகாப்பு கெடுபிடி மிகுந்த பிரிவுக்கு மாற்றப்பட்டு, தொலைக்காட்சி, வருகையாளர் போன்ற சலுகைகளை இழக்க நேரும் என்பது வற்புறுத்தல் ஆகாது என்று 2002இல் லைல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்காகப் பிரிந்து தீர்ப்பளித்தது.

கலிபோர்னியாவின் கதை இதற்கெல்லாம் நடுவில் வருகிறது. 2010 பிப்ரவரியில் சான் டியாகோ பகுதியில் செல்சி கிங் என்ற 17 வயது மாணவி, ஏற்கெனவே பாலியல் குற்றத்துக்குச் சிறை சென்று பரோல் காலத்தையும் முடித்திருந்த ஒருவரால் கொல்லப்பட்டார். மாநிலமே கொதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அந்த மாணவியின் பெயரில் சட்டம் வந்தது. கண்காணிப்பில் இருப்பவர்கள் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், பாலிகிராஃபுக்கு உட்பட வேண்டும், மனநல மருத்துவரிடம் பேசியதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டத்தின் எழுத்தை அப்படியே படித்தால் அந்த மனிதரிடம் மிச்சம் எதுவும் இல்லை. கார்சியா வழக்கில் 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளைச் செல்லுபடியாக்கியது, ஆனால் அவற்றைக் குறுக்கிப் படித்தது. கேள்விகளுக்கு முழுமையாகவும் உண்மையாகவும் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதை அவருக்கு எதிரான குற்ற வழக்கில் பயன்படுத்தவே முடியாது. மருத்துவரிடம் பேசியது கண்காணிப்பு அதிகாரிக்கும் பாலிகிராஃப் பரிசோதகருக்கும் போகலாம், அதுவும் கண்காணிப்புக்குத் தேவையான அளவில் மட்டும். மேசையைச் சுற்றி உள்ள மூன்று நாற்காலிகளுக்கு வெளியே நான்காவது நாற்காலி கிடையாது.

எனக்கு இந்தத் தீர்ப்பு முழு நிறைவு தரவில்லை. ஆனாலும் இதுவரை வந்தவற்றில் விஷயத்தின் மையத்தைத் தொட்டது இதுதான் என்று நினைக்கிறேன். பேசு என்று கட்டாயப்படுத்துவதும், பேசியதை வைத்துத் தண்டிப்பதும் ஒரே கையில் இருக்கக் கூடாது. ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதை விட வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஜஃபி வழக்கில், மனநலச் சிகிச்சை நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது, வெளியே போகும் என்ற அச்சம் இருந்தாலே அது கெட்டுவிடும் என்று சொல்லி, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சுக்குப் பாதுகாப்புத் தந்தது. கண்காணிப்பில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பைப் பறிப்பதற்குச் சமூகப் பாதுகாப்பு என்ற வலுவான காரணம் இருக்கலாம். பறித்த இடத்தில் ஒரு சுவரையாவது எழுப்பித் தர வேண்டாமா?

குறை எங்கே என்றால், வழக்குக்குப் போகாத சொல்லும் வாழ்க்கையைப் புரட்டிப்போடும். 'ஏமாற்றுவதாகக் காட்டியது' என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், அடுத்த அதிகாரி, அடுத்த சிகிச்சையாளர், அடுத்த மாவட்டம் எல்லாரும் அதைத்தான் முதலில் படிப்பார்கள். அன்றைக்கு அவர் காய்ச்சலோடு வந்தாரா, கேள்வி அவருக்குப் புரிந்ததா என்பதெல்லாம் அந்த வரியோடு கூடப் பயணிப்பதில்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கண்காணிப்பையும் கோப்பையும் கைமாற்ற மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தமும் மின்னணு அமைப்பும் இருக்கின்றன. கார்சியா தீர்ப்பின் சுவர் கலிபோர்னியாவின் சுவர். எல்லைக்கு அப்பால் சட்டம் வேறு. அறிக்கையில் வரைபட முடிவு தனியாகவும், அவர் வாயால் சொன்னது தனியாகவும் பிரிந்திருக்க வேண்டும், முதலாவது பகிரப்படவே கூடாது என்பது என் கருத்து. ஒருவர் தானாகச் சொன்ன தகவலைச் சரிபார்க்க முடியும், தவறென்றால் மறுக்க முடியும். வியர்வைக் கோட்டை யாராலும் மறுக்க முடியாது.

இங்கிலாந்து தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொண்டது. 2007ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மேலாண்மைச் சட்டம், சோதனையில் சொன்ன சொல்லையும் உடல் காட்டிய மாற்றத்தையும் அந்த நபர் மீதான குற்ற வழக்கில் சான்றாக வைக்கக் கூடாது என்கிறது. 2014இல் திட்டம் நாடு முழுவதும் விரிந்தது. கருவி 'தோற்றார்' என்று காட்டியதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்குத் திருப்பி அனுப்புவதில்லை. வாயால் ஒப்புக்கொண்டது ஆபத்தைக் காட்டினாலோ, சோதனைக்கே மறுத்தாலோ, மூச்சை அடக்கிக் கருவியை ஏமாற்ற முயன்றாலோ அனுப்பலாம். தகவலைப் போலீஸுக்குத் தரலாம், போலீஸ் அதிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம், சான்றை மட்டும் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

2019 நவம்பர் 29 அன்று லண்டனில் ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால் கட்டடத்தில், கைதிகளின் கல்வி பற்றிய ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, ஓராண்டுக்கு முன் நிபந்தனைகளோடு விடுதலையான உஸ்மான் கான் அங்கே விருந்தினராக வந்திருந்தார். காலில் கண்காணிப்புப் பட்டை இருந்தது. அவர் கத்தியை எடுத்து ஜாக் மெரிட், சாஸ்கியா ஜோன்ஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் கொன்றார். இருவரும் கைதிகள் திருந்தி வாழ முடியும் என்று நம்பி உழைத்தவர்கள்.

இதற்குப் பிறகு அரசு செய்த காரியங்களில் ஒன்று, பாலிகிராஃபைப் பயங்கரவாதக் குற்றவாளிகளுக்கும் விரிப்பது. அந்தச் சட்டம் 2021 ஏப்ரல் 29 அன்று ஒப்புதல் பெற்றது. குடும்ப வன்முறைக் குற்றவாளிகளைச் சோதனைக்குள் கொண்டுவர வழிசெய்த சட்டமும் அதே நாளில் வந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, மே 28 அன்று, அந்த மரணங்களை விசாரித்த நடுவர் குழு தன் முடிவைச் சொன்னது. கானைக் கண்காணித்த அமைப்புகளுக்கு இடையே தகவலும் வழிகாட்டலும் பகிரப்படாமல் போனதும், பல துறைகள் கூடிச் செய்த மேற்பார்வையில் இருந்த கடுமையான குறைகளும் அந்த மரணங்களுக்கு ஒரு காரணம் என்றது. விடுதலைக்கு முன்பே உளவுத்துறையிடம் இருந்த எச்சரிக்கை, அவரை அன்றாடம் கையாண்டவர்களின் மேசைக்கு முழுமையாக வந்து சேரவில்லை.

தகவல் பகிர்வை எதிர்ப்பதுதான் மனித உரிமை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே குறையாக இருந்தது கருவி அல்ல. ஏற்கெனவே ஒரு துறைக்குத் தெரிந்திருந்தது இன்னொரு துறைக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மினசோட்டா ஆலோசகர் சொன்னது அதிகாரி வழியாகப் போலீஸ் வரை ஓடியது. இன்னொரு பக்கம் உயிர் காக்கும் எச்சரிக்கை பக்கத்து அறைக்குக்கூடப் போகவில்லை. ஆபத்து பற்றிய தகவல் வேகமாக ஓட வேண்டும், தண்டனைக்கான ஒப்புதல் ஓடக் கூடாது. இரண்டையும் ஒரே கோப்பில் ஒரே தாளில் எழுதும் வரை இது தீராது.

இந்தியாவில் கதை வேறு திசையில் போயிருக்கிறது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிகிராஃப், மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ, மூளை அலைச் சோதனை எதையும் ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 20(3), உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21 ஆகிய அரசியல் சட்டத்தின் இரண்டு பிரிவுகளையும் அடிப்படையாகக் காட்டியது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும், வக்கீல் உதவி கிடைக்க வேண்டும். சம்மதத்தோடு நடந்தாலும் முடிவு தானாகச் சான்றாகாது, அதன் வழியாகப் பின்னால் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டும் ஏற்கப்படலாம். அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தொடர் உண்டு. குற்றப் புலனாய்விலோ 'வேறு சூழலிலோ' யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அது. அந்த 'வேறு சூழல்' என்ற சொல் நன்னடத்தைக் கண்காணிப்பையும் தொடும் என்றே நான் படிக்கிறேன். கலிபோர்னியாவைப் போல, சோதனைக்கு உட்படாவிட்டால் சிறை என்று ஒரு நிபந்தனை இங்கே எழுதப்பட்டால், அது செல்வி தீர்ப்பைத் தாண்டி நிற்பது கடினம்.

கோப்பைப் பற்றி நம் சட்டம் சொல்வது இன்னும் பழையது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில், ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாமா என்று முடிவு செய்ய, நன்னடத்தை அலுவலர் அவருடைய வீடு, வேலை, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார். ஏழாவது பிரிவு அந்த அறிக்கை ரகசியமானது என்கிறது. அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் காக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு? நீதிமன்றம் விரும்பினால் அறிக்கையின் சாரத்தை அவருக்குச் சொல்லலாம், அதற்கு எதிராக ஆதாரம் காட்ட வாய்ப்புத் தரலாம் என்றுதான் அந்தப் பிரிவில் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று இல்லை.